ஒரு ஸ்க்ரூவைத் தேடிய சனிக்கிழமை

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தச் சனிக்கிழமை காலையில் மட்டும் யாராவது என் முன்னால் சிரித்திருந்தால், கையில் அகப்பட்டதை எடுத்து எறிந்திருப்பேன். என் கோபம் அப்படி. வரும்போது கதவைத் தட்டாது, போகும்போதும் சொல்லிக்கொள்ளாது.

நான் கார் ஓடப் பழக்குகிறேன். லண்டனில், ஈஸ்ட் ஹாமில் வீடு. வேலை வீட்டு வாசலிலேயே நிற்கிறது, கூரையில் எல் பலகையோடு. என்னிடம் வருபவர்கள் அனேகமாக எங்கள் தமிழ்ப் பெண்கள். ஆண் ஆசிரியரோடு தனியே காரில் இருக்கக் கூச்சம் என்று சிலர் வருவார்கள். ஆங்கிலத்தில் திட்டு வாங்குவதைவிடத் தமிழில் வாங்கலாம் என்று சிலர். திட்டுவதில் நான் குறை வைப்பதில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஓடத் தெரிந்தால் உலகத்தில் எங்கேயும் ஓடலாம் என்பது என் கொள்கை. நகைக்கடைக்கு முன்னால் நடுவீதியில் நின்று கல்யாணம் பேசும் எங்கள் சனத்தைத் தாண்டிப் போனவருக்கு மோட்டர்வே ஒரு பொருட்டில்லை.

அந்தக் குளிர்காலத்தில் என்னிடம் ஒரு தங்கச்சி பழகிக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவர் இல்லை. என்னைவிட இளையவர், அக்கா என்பார், நான் தங்கச்சி என்பேன். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்துவிட்டு வரும் வேலை அவருக்கு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில் போவார், பஸ் பிந்தினால் நடையும் ஓட்டமுமாகப் போவார். அடுத்த மாதத்திலிருந்து லைசென்ஸ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஷிப்ட் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அவருடைய டெஸ்ட் திங்கட்கிழமை. அதைத் தவறவிட்டால் லண்டனில் அடுத்த டெஸ்ட் கிடைக்க மாதக்கணக்காகும். அதற்குள் அவர் தியரி பாஸ் பண்ணியதும் காலாவதியாகிவிடும். அந்தத் தியரியை அவர் பாஸ் பண்ணிய பாடு எனக்குத் தெரியும். கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில். பஸ்ஸில் இருந்து இருந்து பாடமாக்கி, விழுந்து விழுந்து எழும்பி, கடைசியில் ஒருமாதிரிக் கரை சேர்ந்தவர். இன்னொரு தரம் அதை எழுதச் சொன்னால் எழுதமாட்டார், வேலையை விட்டுவிடுவார். ஆகவே அவருக்கு அந்தத் திங்கட்கிழமையை விட்டால் வேறு வழியில்லை.

ஓட்டத்தில் அவருக்குக் குறை ஒன்றுதான். கார் நின்றுவிடும். சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, கிளச்சை விடப்போகும் நேரத்தில் எஞ்சின் ஒருதரம் நடுங்கி அணைந்துவிடும். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அவருடைய முகம் கறுத்துவிடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கத்தில் நிற்கிறதுதான். ஆனால் இவருக்குப் பழகப் பழகக் கூடிக்கொண்டு போனது. கிளச்சை மெதுவாக விடுங்கோ, மெதுவாக விடுங்கோ என்று நானும் தொண்டை வற்றக் கத்தினேன். ஒருநாள், "அக்கா, காருக்கு ஏதும் பிழையோ?" என்று மெல்லக் கேட்டார். "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் ஓடும்போது கார் நின்றதில்லை. பழகின கால் தன்பாட்டில் அக்சிலரேட்டரை மிதித்துக் கொஞ்சம் காஸ் கொடுத்துவிடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பழகுகிறவர்களின் காரில் எஞ்சின் நின்றால் யார் காரைச் சந்தேகப்படுவார்கள்?

சந்தேகப்பட்ட ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார். என் கணவர். சந்தேகப்பட்டார், வாய் திறக்கவில்லை.

இவருக்குப் பார்சல் கிடங்கில் பின்னேர ஷிப்ட். காலையில் வீட்டில்தான் நிற்பார். குளிர்காலத்தில் நான் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இவர் வெளியே போய்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி, காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைப்பார். கலியாணம் கட்டின நாளிலிருந்து எனக்குப் பூ வாங்கித் தந்தவர் இல்லை, இதைத்தான் செய்தார். நான் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை, ஆனால் எனக்கு அது பிடிக்கும்.

அப்படிச் சூடாக்கப் போன இடத்தில் கார் காலையில் இருமித் தும்மி நிற்பதைக் கண்டிருக்கிறார். வேறு ஊர்க்காரராக இருந்தால் கராஜுக்குப் போன் எடுத்திருப்பார். இவர் யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர். அப்போது அங்கே பெற்றோல் மருந்துக்கும் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், ஆனால் பிடிக்காது. அதைப் பிடிக்கவைக்க ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் பெற்றோலை உயிரைப் போலப் பொத்தி வைத்திருப்பார்கள். காற்றுப் போகும் குழாயைக் கழற்றி, காபரேட்டரின் வாய்க்குள் அந்தப் பெற்றோலில் சில சொட்டுப் பீச்சி ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அது கெட்டித்தனம். இந்தக் காலத்துக் காரில் காபரேட்டரே கிடையாது என்பது இவருக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஆனால் கை தலையைக் கேட்டுச் செய்வதில்லையே. மூக்குக்குள் பீச்சும் பழைய நசல் மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி எடுத்து, பெற்றோல் நிரப்பி, இவர் ஒவ்வொரு காலையும் என் காருக்கு ஊர் வைத்தியம் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அன்று சனிக்கிழமை வரைக்கும் தெரியாது. காருக்குள் பெற்றோல் மணக்கிறது என்று இடையிடையே சத்தம் போட்டேன். புல்லு வெட்டுகிற மெஷினுக்கு வாங்கினது கொஞ்சம் சிந்திவிட்டது என்றார். பனிக்காலத்தில் எந்தப் புல்லை வெட்டினார் என்று நானும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தார், நான் அதையும் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தத் தங்கச்சிக்குக் கடைசிக்கு முந்தின வகுப்பு. அன்றைக்குப் போலக் கார் ஒருநாளும் நின்றதில்லை. ரொம்ஃபோர்ட் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. ஒரு இடத்தில் பஸ்காரன் கண்ணாடியைத் திறந்து ஏதோ சொன்னான். தங்கச்சி இடதுபக்கமாகக் காரை ஒதுக்கி நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, என்ரை மண்டைக்கு இது ஏறாது. டெஸ்டைக் கான்சல் பண்ணுங்கோ. பிள்ளையளுக்கும் சொல்லிப்போட்டன், அம்மாவுக்கு ஏலாதெண்டு."

"கான்சலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நாளைக்கு மத்தியானம் வாங்கோ, சிக்னல் மட்டும் பழகுவம்" என்று சொல்லி, நான்தான் காரை ஓடிக்கொண்டு வந்து அவரை வீட்டில் இறக்கிவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் நம்பிக்கை போய்விட்டது. வெளியே காட்டவில்லை.

மறுநாள் காலை வகுப்பு ஒன்றை முன்னுக்குத் தள்ளியிருந்தேன். வழமையைவிட வெள்ளென வெளியே வந்தால், பொனட் திறந்து கிடக்கிறது. காற்றுக் குழாய் கழன்று பேட்டரிக்கு மேலே சாய்ந்து கிடக்கிறது. இவர் குனிந்து நிற்கிறார், கையில் நசல் மருந்துக் குப்பி.

"என்ன செய்யிறியள்?"

திடுக்கிட்டு நிமிர்ந்ததில் பொனட்டில் தலை அடிபட்டது. "ஒண்டுமில்லை" என்றார். குப்பியைப் பின்னால் மறைத்தார். பேரப்பிள்ளை காணும் வயதில் மனுசன் நின்ற நிலையைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் முதல் வந்தது கோபம்தான். வாசலில் நின்று நான் கேட்ட கேள்விகளை எதிர்வீட்டுப் போலந்துக்காரியும் கேட்டிருப்பாள். மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருக்கும். இவர் ஒன்றொன்றாகச் சொன்னார். குளிரில் கார் நிற்பதைச் சொன்னார், யாழ்ப்பாணத்து வழியைச் சொன்னார், எத்தனை கிழமையாகச் செய்கிறார் என்பதைச் சொல்லாமல் விழுங்கினார்.

"இஞ்சரும், நீர் கத்துறதைப் பிறகு கத்தும். முதல் இதைப் பாரும்" என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது.

குழாய் கழன்ற இடத்தில் எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாய் தெரிந்தது. அந்த வாயை மூடிக்கொண்டு வட்டமாக ஒரு பித்தளைத் தகடு. காஸை மிதித்தால் அந்தத் தகடு சரிந்து திறக்கும், காலை எடுத்தால் மூடும். எஞ்சின் மூச்சுவிடுவது அதற்குள்ளால்தான். தகட்டை நடுவில் ஒரு தண்டோடு சேர்த்துப் பிடிப்பதற்கு இரண்டு குட்டி ஸ்க்ரூ. அதில் ஒன்று பாதி வெளியே எழும்பி நின்றது. மற்றது இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

இவர் விரலால் தகட்டைத் தொட்டார். அது கழன்ற பல்லைப் போல ஆடியது.

"நேற்றுக் காலமை இரண்டும் இருந்ததோ?"

"இருந்திருக்கும். நான் ஸ்க்ரூவைப் பாக்கேல்லை."

நேற்று முழுநாளும் இந்தக் காரை ஓடியிருக்கிறேன். அந்த வாய்க்குள் விழுந்த எதையும் எஞ்சின் உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். உள்ளே போய் வால்வில் மாட்டினாலும் பிஸ்டனில் மாட்டினாலும் அந்தக் குட்டி இரும்பு எஞ்சினையே தின்றுவிடும். நேற்று அது உள்ளே போயிருந்தால், எந்தச் சிக்னலில், யார் கையில் இருக்கும்போது வெடிக்கக் காத்திருக்கிறது? திங்கட்கிழமை டெஸ்டில், பக்கத்தில் எக்ஸாமினர் இருக்கும்போதா?

"சாவியைத் தாங்கோ. இனி ஒருத்தரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது" என்று வாங்கி என் கோட்டுப் பையில் போட்டேன். காலை வகுப்புக்காரிக்கு வரவேண்டாம் என்று செய்தி அனுப்பினேன்.

வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன். திருச்சிப் பக்கத்துக்காரர். நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் மூடாது. கார் அசையக்கூடாது என்றதும் தன் வான் வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாகத் தகட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, போச்சு. எஞ்சின் போச்சுன்னே வச்சுக்கங்க."

"பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்றேன்.

நீளமான வயரின் நுனியில் ஒரு சின்னக் கமரா. அதைக் காற்று வாய்க்குள்ளால் விட்டு உள்ளே பார்த்தார். பிறகு பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விட்டார். போனில் படம் தெரிந்தது. கறுத்த பிஸ்டன்கள், இருட்டான வளைவுகள். ஸ்க்ரூவைக் காணவில்லை. நான் மூச்சை விட்டேன். அவர் விடவில்லை.

"இல்லைன்னு சந்தோஷப்படாதீங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரியலை. அங்க கிடந்துட்டு, அடுத்த தடவை ஸ்டார்ட் பண்றப்ப உள்ள போகலாம். இதைப் பூரா இறக்கிப் பாக்கணும். வண்டியை ஏத்திட்டுப் போறேன், அடுத்த வாரம் பாத்துத் தர்றேன்."

"திங்கக்கிழமை ஒரு பிள்ளைக்கு டெஸ்ட்."

"வேற வண்டியில போகச் சொல்லுங்க."

தெரிந்த ஆசிரியர்களுக்கெல்லாம் போன் எடுத்தேன். எல்லோருக்கும் திங்கட்கிழமை வேலை. அப்படி ஒரு கார் கிடைத்தாலும், தெரிந்த காரிலேயே தடுமாறும் பிள்ளை தெரியாத காரில் போய் என்ன செய்யும்? மத்தியானம் வகுப்புக்கு வரப்போகிறவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் வாசற்படியில் இருந்தேன். இவர் பக்கத்தில் நின்று, "எல்லாம் என்னாலைதான்" என்றார். ஓம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

ஸ்க்ரூ எவ்வளவு பெரிது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். மிச்சம் நின்ற ஸ்க்ரூவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். தோட்டுக்குப் பின்னால் திருகும் சுரையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. தோட்டுச் சுரை தொலைந்தால் எப்படித் தேடுவதென்று எங்கள் பெண்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் வீட்டில் ஒருவரையும் அசையவிடக்கூடாது. பிறகு எங்கே தொலைந்திருக்கும் என்று யோசிக்கக்கூடாது, கடைசியாக எங்கே கை பட்டது என்று யோசிக்க வேண்டும். தலை துடைத்த துவாய், கழற்றிய சட்டை, தலையணை உறை. சுரை தானாக விழுவது குறைவு. அனேகமாகத் துணிதான் அதை இழுத்துக்கொண்டு போகும்.

"நேற்றுக் காலமை நீங்கள் என்னென்ன செய்தியள்? ஒண்டும் விடாமல் திருப்பிச் செய்து காட்டுங்கோ" என்றேன் இவரிடம்.

மெக்கானிக் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். இவர் மறுபேச்சில்லாமல் தொடங்கினார். குழாயைக் கழற்றுவதுபோலக் காட்டினார். பேட்டரிக்கு மேலே சாய்த்தார். குப்பியை எடுத்துப் பீச்சுவதுபோலச் செய்தார். பிறகு வலது கையை எஞ்சினின் காற்று வாய்க்குள் விட்டு வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நில்லுங்கோ. அது என்ன?"

"துடைக்கிறது. கரி பிடிச்சிருந்தது, ஒவ்வொரு நாளும் ஒரு துடை துடைச்சு விடுவன்."

"எதாலை?"

"நான் கட்டிக் கிழிஞ்ச சாரத்துண்டாலை."

"எங்கை அந்தச் சாரத்துண்டு?"

"நீர் மணக்குது மணக்குது எண்டு கத்தினதாலை பையிலை போட்டு இறுக்கிக் கட்டி வச்சிருக்கிறன்."

டிக்கியைத் திறந்து, ஸ்பெயர் டயரைத் தூக்கி, அதற்குக் கீழேயிருந்து முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். நான் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துவந்து நடைபாதையில் விரித்தேன். பையை அதற்கு மேலே வைத்து முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது. கரி அப்பிய பழைய நீலச் சாரத்துண்டு. மெல்ல மெல்ல, மடிப்பு மடிப்பாக விரித்தோம். ஒரு மூலையில் நூல் பிரிந்து சுருண்டு கிடந்தது. அந்தச் சுருளுக்குள் நூலைச் சுற்றிக்கொண்டு ஸ்க்ரூ கிடந்தது.

மெக்கானிக் அதைக் கையில் எடுத்து, மற்ற ஸ்க்ரூவோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். நீளம் சரி. திருகுப் புரி முழுதாக இருந்தது. நசுங்கவில்லை, அடிபட்ட தடம் இல்லை, ஒரு துண்டும் உடைந்து போகவில்லை.

"அக்கா, இது உள்ளயே போகலை. எஞ்சின் ஒண்ணுமே சாப்பிடலை" என்றார்.

நான் விரிப்பிலேயே இருந்துவிட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. இவர் மட்டும் சிரிக்கப் பயந்து நின்றார். எழும்பி அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். பொனட்டில் அடிபட்ட இடம் வீங்கியிருந்தது. அதையும் அப்போதுதான் கண்டேன்.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். தகடும் தண்டும் உள்ள முழுப் பாகத்தையும் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னார். கம்பெனியில் பூட்டும்போது ஸ்க்ரூவின் நுனியைத் தட்டி அகலமாக்கிவிடுவார்கள், பிறகு தானாகக் கழராது. இதில் நுனி வெட்டிய மாதிரி நேராக இருந்தது. நாங்கள் இந்தக் காரைப் பழையதாக வாங்குவதற்கு முதல் யாரோ கழற்றித் துடைத்துவிட்டு, வேறு ஸ்க்ரூ போட்டுக் கொஞ்சம் பசையோடு பூட்டியிருக்கிறார்கள்.

"அந்தக் கொஞ்சம் பசையையும் அண்ணே தினமும் பெட்ரோல் ஊத்திக் கழுவிட்டாரு" என்றார். இவர் வானத்தைப் பார்த்தார்.

ஓட்டையையும் புரியையும் எண்ணெய் இல்லாமல் சுத்தமாகக் கழுவிக் காயவைத்தார். ஸ்க்ரூ இளகாமல் பிடிக்கும் பசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. கூட வைத்தால் தண்டு ஒட்டிக்கொள்ளும் என்றார். தகடு வாயில் எங்கும் உரசாமல் மூடுகிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பிறகுதான் முறுக்கினார். மிஞ்சி முறுக்கினால் இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்குக் கழுத்து முறிந்துவிடுமாம். கடைசியில் தண்டுக்குக் கீழே ஒரு இரும்பை முட்டுக்கொடுத்து, நுனிகளை மெல்லத் தட்டி அகலமாக்கினார். பசை காயும்வரை, நாளை மத்தியானம் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்றார்.

சாமான்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டார்: "ஆமா, வண்டி சிக்னல்ல எல்லாம் நின்னு நின்னு போயிருக்குமே? தகடு இப்படி ஆடுனா காத்து கணக்கில்லாமப் போகும். கிளச்சு எடுக்கிறப்ப அப்படியே அணைஞ்சுடும். நேத்து ரொம்ப மோசமா இருந்திருக்கணும்."

ரொம்ஃபோர்ட் ரோட்டில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தவரின் முகம்தான் வந்தது. மேடை உண்மையிலேயே கோணல்.

வகுப்பு இல்லை, காரில் சின்ன வேலை இருக்கிறது என்று மட்டும் தங்கச்சிக்குச் செய்தி அனுப்பினேன். டெஸ்டுக்கு முதல் முழுக்கதையையும் சொல்வதா விடுவதா என்று நானும் இவரும் அன்று இரவு வாதாடினோம். சொல்ல வேண்டாம் என்றார் இவர். அவருக்கு அவருடைய மானம். எனக்கும் வேண்டாம் என்றுதான் பட்டது, ஆனால் வேறு காரணம். தன்னில் நம்பிக்கை இல்லாதவரிடம் காரிலும் நம்பிக்கை வைக்காதே என்று டெஸ்டுக்கு முதல் யார் சொல்வார்கள்?

ஞாயிறு மத்தியானம் சாவியை நான்தான் திருப்பினேன். கார் ஒரு இருமல், ஒரு நடுக்கம் இல்லாமல் பிடித்தது. காலை எல்லாப் பெடலிலிருந்தும் எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரே சீராக இரைந்துகொண்டு நின்றது. இவர் வெளியே நின்று கண்ணாடிக்குள்ளால் கேட்டார், சரியா என்று. தலையாட்டினேன். பிறகு ஹை ஸ்ட்ரீட் நோர்த் முழுவதும், சிக்னலுக்குச் சிக்னல், பிள்ளை பழகுவதுபோல நானே காஸ் கொடுக்காமல் நிறுத்தி நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். ஒருதரமும் நிற்கவில்லை. அன்றைக்குச் சாப்பிட்ட சோறுதான் அந்தக் கிழமையில் எனக்கு ருசித்த சோறு.

திங்கட்கிழமை தங்கச்சி விபூதி பூசிக்கொண்டு வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. டெஸ்ட் சென்டருக்குப் போகும் வழியில் அதிகம் போக்குவரத்து இல்லை, கார் நிற்கும் இடமும் அதிகம் வரவில்லை. உள்ளே போவதற்கு முதல் என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது.

"அக்கா, நிண்டிட்டால்?"

"நிண்டால் திருப்பி ஸ்டார்ட் பண்ணுங்கோ. போங்கோ."

எக்ஸாமினரோடு அவர் புறப்பட்டுப் போனதும் நான் காத்திருக்கும் அறைக்குள் இருக்கவில்லை. குளிரில் வெளியே நின்றேன். கேட்டுக்கு வெளியே முதல் சந்தி தெரிந்தது. அங்கே சிவப்பு விழுந்து என் கார் நின்றது. பச்சை விழுந்தது. கார் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வளைந்து போய் மறைந்தது. அதற்குப் பிறகுதான் கோட்டுப் பொத்தானைப் பூட்டினேன்.

திரும்பி வந்து நிறுத்திய பிறகு எக்ஸாமினர் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சி தலையாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எக்ஸாமினர் இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனதும் நான் ஓடிப்போய்ப் பக்கத்துச் சீட்டில் ஏறினேன்.

"பாஸ் எண்டு சொல்லுறார், அக்கா" என்றார், யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோல.

கட்டிப்பிடித்தேன். அவர் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

"இண்டைக்கு மட்டும் ஒருக்காவும் நிக்கேல்லை. ஏனெண்டு தெரியேல்லை. பிள்ளையார்தான் இழுத்துக்கொண்டு போனவர். நாளைக்கு நான் தனிய ஓடேக்கை நிண்டிட்டால் என்ன செய்யிறது? லைசென்ஸ் இருந்தும் எனக்குப் பயமாத்தான் கிடக்கு."

இனியும் சொல்லாமல் இருக்க ஏலாது. சொன்னேன். ஆடிய தகட்டைச் சொன்னேன், கழன்ற ஸ்க்ரூவைச் சொன்னேன், இவருடைய மானம் போனால் போகட்டும் என்று பெற்றோல் குப்பியையும் சாரத்துண்டையும் சொன்னேன். இத்தனை கிழமையாகச் சிக்னலில் நின்றது கார்தான், அவருடைய கால் இல்லை என்று சொன்னேன். நான் கத்தியதெல்லாம் பிழை என்றும் சொன்னேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். "என்ரை கிளச் சரியே, அக்கா?" என்று கேட்டார்.

"சரி. கனநாளாகச் சரி."

பாஸ் என்று கேட்டதற்கு அழாதவர் அதற்கு அழுதார். நான் கடதாசித் துவாய்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுது முடிந்ததும் போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மகள் எடுத்ததும், என்ன நடந்தது அம்மா, என்ன நடந்தது என்று கத்துவது எனக்கும் கேட்டது. பாஸ் என்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை," என்றார், "அம்மாவிலை பிழை இல்லையாம்."